நின்றால்தான் நின்றது தெரியும்

ரஜினிகாந்தை மிமிக்ரி செய்யாமல் ஒரு கல்லூரி ஆண்டுவிழா முடியுமா? முடியைக் கோதுவார்கள், கழுத்தை ஒரு வெட்டு வெட்டுவார்கள், பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு மீதியைக் கைதட்டலுக்குப் பிறகு சொல்வார்கள். அத்தனையும் திரையில் இருக்கும் ரஜினி. மேடையில் மைக்கைப் பிடித்துச் சொந்தக் கதை பேசுகிற ரஜினியை அநேகமாக யாரும் தொடுவதில்லை. தொட்டால் இது யார் என்று கூட்டம் கொஞ்சம் விழிக்கும். அந்த மனிதர் பேச்சில் சொல் முடிவதற்குள் அடுத்த சொல் வந்து முட்டும். கடைசி எழுத்தைப் பாதி விழுங்கிவிடுவார். ழகரம் ளகரத்தோடு உரசிக்கொண்டு போகும். நடுவில் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டு ஒரு சிரிப்பு. சிரிப்பில் மூச்சு தீர்ந்து மறுபடி ஓட்டம்.

எனக்கு இந்த இரண்டாவது ரஜினிதான் உசத்தி. ஓசூர்க்காரனின் பட்சபாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் குடும்பத்துக்குப் பூர்வீகம் எங்கள் மாவட்டம், வேப்பனப்பள்ளிப் பக்கம் நாச்சிக்குப்பம். அவர் பிறந்தது 1950-ல் பெங்களூரில், சிவாஜி ராவ் கெய்க்வாட்டாக. வீட்டில் மராத்தி, தெருவில் கன்னடம். சினிமா படிக்கச் சென்னைக்கு வந்த பிறகுதான் தமிழ் வசப்பட்டது. 2017 மே மாதம் கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் ரசிகர்களைச் சந்தித்தபோது, கர்நாடகத்தில் 23 வருஷம், தமிழ்நாட்டில் 44 வருஷம் என்று கணக்குச் சொல்லி, தன் முன்னோர் கிருஷ்ணகிரிக்காரர்கள் என்பதையும் சேர்த்து, தான் பச்சைத் தமிழன் என்றார். ஊர் உலகமெல்லாம் அந்தப் பேச்சில் அரசியலைத் தேடியது. எங்களுக்கு முதலில் காதில் விழுந்தது அதன் நடை. மாநில எல்லையில், ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கமும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் இப்படித்தான் பேசுவார்கள்.

இங்கே இருந்தால் காது தானாகப் பழகிவிடும். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் பையனைக் கவனியுங்கள். போனில் அம்மாவிடம் தெலுங்கு, குரல் ஒரு கட்டை ஏறியிருக்கும். ரூம்மேட்டிடம் கன்னடம், பேச்சு சாவகாசமாக இழுபடும். சூப்பர்வைசர் கூப்பிட்டால் நெஞ்சிலிருந்து ஓர் ஆங்கிலம். டிரைவரிடம் தமிழ். ஓசூர் தாண்டுவதற்குள் நான்கு ஆட்களாகியிருப்பான். இதில் எது அவன் சொந்தக் குரல்? அம்மாவிடம் பேசியது என்று நான் சொல்வேன். அவன் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

திரைக்காக ரஜினி குரலைக் கனமாக்கிக்கொண்டார் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணை மூடிக் கேளுங்கள், கனம் கூடவில்லை. அதே மெல்லிய, லேசாகக் கரகரத்த தொண்டைதான். சிவாஜி கணேசன்போல அடிவயிற்றிலிருந்து எழுப்புகிற முழக்கம் அவரிடம் கிடையாது. அவர் கைவைத்தது நேரத்தில். தன் இயல்பான ஓட்டத்தை ஓட விட்டு, எதிர்பாராத ஒரே இடத்தில் பிரேக் போடுகிறார். வேகமாக வந்தது நின்றால்தான் நின்றது தெரியும். நிதானமாகப் பேசுகிற நடிகர் அதே இடத்தில் நிறுத்தினால் வசனம் மறந்துவிட்டது என்று நினைப்போம். மிமிக்ரிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்: பிரேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

பெங்களூர் டிரான்ஸ்போர்ட் சர்வீஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். டிக்கெட், சில்லறை, உள்ளே போங்க என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, விசில் அடித்து, அடுத்த ஸ்டாப் வரை வாயை மூடிக்கொள்வது அந்தத் தொழிலின் தாளம். திரை ரஜினி அங்கே உருவானார் என்பது என் ஊகம்தான். ஆனாலும் விட மனமில்லை.

'பாட்ஷா'வை (1995) எடுத்துக்கொள்ளுங்கள். தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு ஆட்டோ டிரைவர் மாணிக்கம் போகிறார். அதுவரை நாம் கேட்டதெல்லாம் பணிவான, கொஞ்சம் தாழ்ந்த அண்ணன் குரல். தனக்கு இன்னொரு பெயர் இருக்கிறது என்று அதே பணிவோடு ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான், நம்மைக் கண்ணாடிக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். உள்ளே கை அசைகிறது, எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறது; என்ன பேசினார் என்பது தங்கைக்கும் கேட்கவில்லை, நமக்கும் கேட்கவில்லை. படத்தின் பெயரைத் தாங்கிய குரலைக் காதில் காட்டாமலே அந்தக் காட்சியை முடித்தார் இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா. ஒரு நடிகனுக்கு இரண்டு குரல் உண்டு என்று ஊருக்கே தெரிந்திருந்தால்தான் இந்த விளையாட்டு செல்லும். வேறொருவர் அந்த அறைக்குள் போயிருந்தால் ஒலிப்பதிவில் ஏதோ கோளாறு என்று தியேட்டரில் விசில் பறந்திருக்கும்.

ஆனால் என் கட்சி 'தில்லு முல்லு'தான் (1981). பாலசந்தர் இயக்கியது, இந்தி 'கோல்மால்' படத்தின் மறு ஆக்கம். மீசை வைத்த இந்திரன் பரம பக்தன், ஒழுக்க சீலன். மீசை இல்லாத தம்பி சந்திரன் கட்டவிழ்ந்த பேர்வழி. இருவரும் ஒரே ஆள். முதலாளி தேங்காய் சீனிவாசனை ஏமாற்றப் போட்ட வேஷம். வேலைக்கான நேர்முகத் தேர்வில் இந்திரன் பேசுகிற தமிழைக் கேளுங்கள். ஒவ்வொரு எழுத்தும் குளித்துத் திருநீறு இட்டுக்கொண்டு வருகிறது. கன்னடம் பேசி வளர்ந்த ஒருவர், தமிழ்ப் பற்று பொங்கும் ஒருவனாக நடிக்கும் ஒருவனாக நடிக்கிறார். அறையைவிட்டு வெளியே வந்ததும் பேச்சு பழைய வேகத்துக்குத் தாவுகிறது. அந்த வேகத்தைத் தொழில்நுட்பம் என்றே நான் சொல்ல மாட்டேன். அது சிவாஜி ராவ் வீட்டில் பேசுவதுதான். கதாநாயக அந்தஸ்து அவர் குரலில் ஒட்டிக்கொள்வதற்கு முன்பு, வேஷத்துக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் தையலை அவரே பிரித்துக் காட்டிய படம் அது.

மேடையிலும் அந்தத் தையலைப் பிரித்துக் காட்டுவதில் அவருக்கு ஓர் ஆனந்தம். 'எந்திரன்' இந்தியில் 'ரோபோட்'டாக வந்த 2010-ல், பாடல் வெளியீட்டு மேடையில் ஒரு கதை சொன்னார். பெங்களூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே பார்க்க வந்த ராஜஸ்தான்காரப் பெரியவர், முடியெல்லாம் எங்கே போச்சு, ஓய்வு பெற்றாயிற்றா என்று விசாரிக்கிறார். ஐஸ்வர்யா ராயோடு நடிக்கிறேன் என்றதும் பெரியவருக்கு ஒரே சந்தோஷம்; சரி, ஹீரோ யார் என்கிறார். நான்தான் என்று இவர் சொல்ல, பெரியவர் வாயடைத்துப் போகிறார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். மொழி மாறினாலும் அதே ஓட்டம், அதே விழுங்கல், அதே சிரிப்பு. கூட்டம் எதிர்பார்த்த சூப்பர் ஸ்டார் குரல் ஒரு சொல்லுக்கும் எட்டிப் பார்க்கவில்லை.

குரலை இரவல் வாங்கியவர்கள் கதை வேறு. உடுப்பிக்காரர் மோகனைத் தமிழர்கள் 'மைக்' மோகன் என்றார்கள். படத்துக்குப் படம் மைக்கைப் பிடித்துப் பாடியதால் வந்த பெயர். 'பயணங்கள் முடிவதில்லை'யில் (1982) அந்த மைக்கில் பாடியது எஸ்.பி. பாலசுப்ரமணியம். பல படங்களில் மோகனுக்காகப் பேசியது எஸ்.என். சுரேந்தர். மைக்கின் பெயரைத் தாங்கியவரின் குரல் மட்டும் அந்த மைக்குக்குள் போகவே இல்லை. 'ஸ்டார் வார்ஸ்' டார்த் வேடருக்கு உடம்பு டேவிட் பிரவுஸ், குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்பது உலகுக்கே தெரியும். ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு முகமூடி இருந்தது. மோகன் சிரித்த முகத்தோடு உதடசைத்து அதையே செய்தார். சுரேந்தரின் குரலில் இருந்த அந்த அடக்கமான ஈரம் மோகனின் கண்ணோடு அப்படிப் பொருந்தியது. இதையும் ரசிக்கலாம், தப்பில்லை. இரண்டு பேரை ஒருசேரப் பாராட்ட வேண்டும், அவ்வளவே.

எல்லைக்கு அந்தப் பக்கம் ராஜ்குமார் இருக்கிறார். ரஜினிக்கு நேர் எதிர்த் திசையில் போனவர்: பிறந்தது இன்றைய ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பக்கம் காஜனூரில், ஆனது கன்னடத்தின் கண்மணியாக. 1974-ல் 'சம்பத்திகே சவால்' படத்தில் தானே பாடும்வரை அவருடைய பாட்டுக்குரல் பி.பி. ஸ்ரீனிவாஸ். தமிழில் ஜெமினி கணேசனுக்குக் காதல் பாடியதும் அதே பி.பி. ஸ்ரீனிவாஸ். இரண்டு மொழி ரேடியோவும் எடுக்கிற ஊரில் இது ஒரு தனி வேடிக்கை. ஒரு குரல் கேட்டால் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 'அண்ணாவரு' ராஜ்குமார் தெரிவார், எங்கள் வீட்டில் ஜெமினி தெரிவார்.

சரோஜாதேவி எந்த இரவலும் வாங்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த கன்னடம் கலந்த கொஞ்சலைத் திருத்திக்கொள்ளாமல் அப்படியே வைத்துக்கொண்டார். 'நாடோடி மன்னன்' (1958) நாளிலிருந்து 2025-ல் மறையும்வரை பேட்டியிலும் அதே இழைதான். கன்னடத்துப் பைங்கிளி என்று பட்டம் கொடுத்து அந்த உச்சரிப்புக்கு ரசிகர்கள் மாலை போட்டுவிட்டார்கள்.

எம்.ஜி.ஆரை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்து அவருடைய குரலை உடைத்தது. வேறு ஆளைப் பேச வைத்திருக்கலாம்; உதட்டுக்கு ஏற்ற மாதிரி பேச ஆளா இல்லை? அவர் உடைந்த குரலிலேயே பேசினார். 'காவல்காரன்' அதே ஆண்டு வந்தது. அதற்குப் பிந்தைய படங்களில் ஒரு விசித்திரம் உண்டு. வசனத்தில் நாக்கு தடுமாறும், சொற்கள் கரையும். பாட்டு ஆரம்பித்ததும் டி.எம். சௌந்தரராஜனின் கணீர். ஒரே உதட்டிலிருந்து இரண்டு குரல் வருவது தியேட்டரில் யாருக்கும் உறுத்தவில்லை. அந்த உடைந்த குரலோடுதான் 1977-ல் முதல்வரும் ஆனார்.

இப்போது இரவலுக்கு வேறு வழி வந்துவிட்டது. 'வேட்டையன்' (2024) முன்னோட்டத்தில் அமிதாப் பச்சனுக்குப் பிரகாஷ் ராஜ் பேசியிருந்தார். ஒட்டவில்லை என்று ரசிகர்கள் முணுமுணுக்க, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அமிதாபின் குரலையே தமிழ் பேச வைத்தார்கள். பிரகாஷ் ராஜின் பேச்சில் குறை ஒன்றுமில்லை. 'டூயட்'டிலிருந்து முப்பது வருஷமாகக் கேட்ட குரல். அது வந்தால் பிரகாஷ் ராஜ்தான் வருவார், அமிதாபுக்கு நாற்காலி இருக்காது.

வயதான ரஜினிக்குத் திரையில் ஓட்டம் குறைந்துவிட்டது. ஓட்டம் குறைந்தால் பிரேக்குக்கு மதிப்பில்லை. சில படங்களில் வெறும் நிறுத்தங்களாகவே வசனம் போகிறது, எனக்கு அவை சவசவ. இயக்குநர் நெல்சன் மட்டும் 'ஜெயிலர்' படத்தில் (2023) சாமர்த்தியமாக வேறு வழி பிடித்தார். பேரனோடு வீடியோ எடுக்கிற, மனைவிக்கு அடங்கிய தாத்தாவின் மெல்லிய குரலைப் படத்தின் ஆரம்பத்தில் கொடுத்து, வேகத்தால் கிடைத்த வித்தியாசத்தைச் சத்தத்தின் அளவால் வாங்கிக்கொண்டார். அதே படத்தின் பாடல் வெளியீடு, 2023 ஜூலை 28, சென்னை நேரு விளையாட்டரங்கம்: காக்கா, கழுகு கதை சொன்ன அந்தப் பேச்சைத் தேடிக் கேளுங்கள். கதைக்கு ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பொருள் சொன்னார்கள், அதை விடுங்கள். எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் தன் வாக்கியத்தைத் தானே முந்தப் பார்க்கிறார், பாருங்கள்.