திடல் இருந்த இடம்

சிலாங்கூர் ரசிகரோடு வாதம் செய்கிறவர்கள் கடைசியில் ஓர் எண்ணில் போய் முட்டிக்கொள்வார்கள்: 33. மலேசியக் கிண்ணத்தை அந்த அணி அத்தனை முறை வென்றிருக்கிறது. பகாங் வென்றது நான்கு முறை: 1983, 1992, 2013, 2014. "முப்பத்து மூணுக்கும் நாலுக்கும் நடுவுல என்னலா பேச்சு?" என்று கேட்டால் பதில் கிடையாதுதான். இருந்தாலும் பேச்சு நிற்பதில்லை. தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து மலையேறி வரும் பிள்ளைகளில் ஒருவன் சிவப்பு மஞ்சள் சட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், ரிங்லெட் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடும். கணக்கில் தோற்றவர்கள் ஏன் விடாமல் பேசுகிறார்கள்? இதைக் காற்பந்துக் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நம் எழுத்தும் சினிமாவும் தோட்டத்தை எங்கிருந்து பார்க்கின்றன என்ற கேள்வியும் இதற்குள்ளேயே இருக்கிறது.

கேமரன் மலையின் நிலவியலே கொஞ்சம் கோணலானது. வரைபடத்தில் அது பகாங். பழைய சாலை இறங்குவதோ பேராக்கின் தாப்பாவுக்கு. பின்னால் வந்த சாலை இறங்குவது ஈப்போ பக்கம், சிம்பாங் பூலாயிக்கு. மாநிலத் தலைநகரான குவாந்தான் தீபகற்பத்தின் மறுகரையில், தென்சீனக் கடலோரம் கிடக்கிறது. பகாங் அணியின் சொந்த அரங்கமான டாருல் மக்மூரை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன் பகாங் ரசிகனாக வளர்ந்துவிடலாம். சாமான் வாங்க தாப்பா, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஈப்போ, வேலைக்குக் கோலாலம்பூர். பகாங்கோடு அவனுக்கு இருக்கும் தொடர்பு அடையாள அட்டை எண்ணின் நடுவே வரும் 06தான். அதைப் பிடித்துக்கொண்டு ஓர் அணியை நேசிப்பது சாதாரண விஷயம் இல்லை.

இந்த மாதிரிப் பிடிப்பு உலகத்துக்குப் புதிதும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு இருக்கும் வெறி வெளியே இருக்கிறவர்களுக்குப் புரிவதில்லை. தொழில்முறை அணி எதுவும் எட்டிப் பார்க்காத பல சிற்றூர்களில் கல்லூரி அணிதான் ஊரின் பெயர். பெரிய நகரத்துக்காரனுக்குப் பெருமைப்பட ஆயிரம் உண்டு, சின்ன ஊர்க்காரனுக்கு அந்த ஒன்றுதான் உண்டு. மலேசியாவில் அந்த வேலையை மாநில அணிகள் செய்தன.

பகாங்குக்கும் சிலாங்கூருக்கும் உள்ள வழக்கு பழையது. 1983 இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3-2 என்று வீழ்த்தித்தான் பகாங் முதன்முதலாகக் கிண்ணத்தைத் தொட்டது. 1995இலும் 1997இலும் அதே சிலாங்கூரிடம் தலா ஒரு கோலில் தோற்றது. ரசிகர்கள் இதை யானைக்கும் பட்டணத்துக்கும் நடந்த சண்டையாகச் சொல்வார்கள், பகாங்கின் செல்லப்பெயர் 'தோக் காஜா' என்பதால். கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1992இல் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வாரிய பகாங் அணியின் தூண்கள் டோல்லா சாலேவும் சைனால் அபிடின் ஹசானும். இருவரும் அதற்குமுன் சிலாங்கூருக்கு ஆடியவர்கள். மாநிலப் பற்று என்று நாம் கொண்டாடிய வெற்றிக்குப் பின்னால் காசும் ஒப்பந்தமும் இருந்தன. சின்ன ஊரின் பெருமை சுத்தமானது, நகரத்தின் பெருமை கறைபட்டது என்று எழுத ஆரம்பித்தால் இந்த ஓர் ஆண்டே அதைக் கவிழ்த்துவிடும்.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? நிலத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஷா ஆலாமை எடுத்துக்கொள்வோம். 1978இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட இந்த நகரம் முன்பு சுங்கை ரெங்காம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலம். எண்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கம் 1994இல் அங்கே திறக்கப்பட்டது. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவும் பிராங் பெசார் போன்ற தோட்டங்களை அழித்து எழுந்ததுதான். அந்த மண்ணில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் யார் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு கள்ளுக்கடை, ஒரு திடல். அந்தத் திடலில் வெறுங்காலோடு பந்தை உதைத்தவனின் பேரன்தான் இன்று ஷா ஆலாம் அடுக்குமாடியில் உட்கார்ந்து "நான் சிலாங்கூர்" என்கிறான். சொல்ல அவனுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவனுடைய தாத்தாவின் திடல் சிமெண்டுக்கு அடியில் கிடக்கிறது. பார்க்க எதுவும் மிச்சமில்லாததால் அதைப் பற்றி அவன் வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

மலையில் கதை வேறு. வில்லியம் கேமரன் 1885இல் அளந்துவிட்டுப் போன மலைப்பகுதியில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. தமிழர்கள் காடழித்து, செடி நட்டு, கொழுந்து பறித்தார்கள். கூடை போய்க் கத்தரி வந்தது, கத்தரி போய் இயந்திரம் வந்தது. பறிக்கும் கைகளில் இன்று பங்களாதேஷ், நேப்பாளக் கைகள் உண்டு. ஆனால் தோட்டம் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு அழகான காட்சியாகவும் மாறிவிட்டது. பட்டணத்துக் குடும்பங்கள் வார இறுதியில் வந்து பச்சைச் சரிவுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. சரிவுக்குக் கீழே லயத்து வீடுகள் தெரிந்தால் படத்தின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கின்றன.

இந்தக் கோண மாற்றம்தான் சிலாங்கூர் சட்டையின் கிண்டலுக்குள்ளும் இருக்கிறது. "இன்னும் எஸ்டேட்ல தான் இருக்கீங்களா?" என்ற கேள்வியும் "நாலு தடவ தானே ஜெயிச்சீங்க?" என்ற கேள்வியும் ஒரே வாயிலிருந்து ஒரே தொனியில் வருகின்றன. இலங்கையில் 'தோட்டக்காட்டான்' என்ற வசையைச் சொன்னவர்கள் பெரும்பாலும் தோட்டத்தோடு உறவில்லாதவர்கள். இங்கே 'எஸ்டேட் ஆளு' என்று சிரிப்பவன் இரண்டு தலைமுறைக்கு முன்னால் எஸ்டேட் ஆளாக இருந்தவன். அதனால்தான் சிரிப்பில் கொஞ்சம் பதற்றமும் கலந்திருக்கிறது. மலையில் இருக்கும் மாமா மகனைப் பார்க்கும்போது, தான் மறந்துவிட்ட வீட்டு முகவரியை யாரோ சத்தமாக வாசிப்பதுபோல் அவனுக்கு இருக்கிறது.

நம் படைப்புகள் இதில் யார் பக்கம்? 2016இல் வந்த 'ஓலா போலா'வைப் பார்ப்போம். சியு கெங் குவான் இயக்கிய படம். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, புறக்கணிப்பால் போகாமலே நின்றுபோன தேசிய அணியைத் தழுவியது. எல்லா இனத்தவரும் திரையரங்கை நிறைத்த படம், நானும் மகிழ்ந்து பார்த்தேன். ஆனால் கதை சொல்லப்படும் விதத்தைக் கவனியுங்கள். வெளிநாடு போகத் துடிக்கும் தலைநகர்த் தொலைக்காட்சிப் பெண் ஒருத்தி, ஒரு முன்னாள் வீரரைத் தேடி சபாவுக்கு அனுப்பப்படுகிறாள். நாட்டை நேசிக்க அவள் கற்றுக்கொள்வதற்காகவே மற்ற எல்லாருடைய வாழ்க்கையும் நினைவுகூரப்படுகிறது. ஊர் பேசுகிறது, தலைநகரம் தெளிவு பெறுகிறது.

அந்தப் படத்தின் கோல்கீப்பர் முத்துக்குமார், ஆர். ஆறுமுகத்தை நினைவில் வைத்து உருவாக்கப்பட்ட பாத்திரம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்ட ஆறுமுகம் சிலாங்கூரின் காவல்காரர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது வயது 35. படத்தில் முத்துவின் அப்பாவும் குடும்பமும் வரும் இடங்களில் அரங்கம் சிரித்தது. தமிழ்க் குடும்பம் நகைச்சுவைக்கு, அரங்கம் வீரத்துக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. முத்து வீட்டிலிருந்து கிளம்புவது கதைக்குத் தேவைப்படுகிறது. அவன் கிளம்பிய பிறகு அந்த வீடு என்ன ஆனது என்பது தேவைப்படவில்லை.

இதைச் சீன இயக்குநரின் குறை என்று தள்ளிவிடுவது எளிது. நம்முடைய எழுத்தும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொண்டது. மலேசியத் தமிழ் நாவலின் நிலம் பால்மரக்காடு. அகிலனின் ஒரு நாவலின் பெயரே 'பால்மரக் காட்டினிலே'. தேயிலையை நாம் அதிகமும் வெளியூர்ப் புத்தகங்களில்தான் வாசித்தோம். ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றிய பி. எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு', இலங்கை மலையகத்தைச் சொல்லும் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்று. நம் கதைகளில் ரப்பர் தோட்டம் பெரும்பாலும் துயரத்தின் தொடக்கப்புள்ளி, லோரியில் சாமான் ஏற்றியதும் அத்தியாயம் முடிந்துவிடும். சஞ்ஜெய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) இதில் ஒரு நேர்மையான விலகல். தோட்டத்தை இழந்து பட்டணத்தின் ஓரத்தில் ஒதுங்கியவர்களிடமே அது தங்குகிறது. நகரம் அந்தப் படத்தில் பரிசாக வருவதில்லை. ஆனால் அதுவும் கிளம்பி வந்தவர்களின் கதைதான். கிளம்பாமல் இருந்தவனுக்குக் கதையே இல்லையா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தோட்டத்தில் தங்கியதைத் தியாகமாகவோ தூய்மையாகவோ பாடத் தேவையில்லை. வேலை போனால் வீடும் போகும் வாழ்க்கை அது. படிக்க வைத்த பிள்ளை திரும்பி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட அம்மாக்கள் மலையில் உண்டு, அந்த வேண்டுதலில் தவறே இல்லை. பட்டணத்தில் நிமிர்ந்து நிற்கும் பிள்ளையின் பெருமை உழைத்துச் சம்பாதித்தது. அவனுடைய 33இல் அந்த அம்மாவுக்கும் பங்கு உண்டு. ஆறுமுகம் போன்றவர்கள் காத்த கோலில், எந்த மாநில அணி என்று பார்க்காமல், எல்லாத் தோட்டங்களும் பெருமைப்பட்டன. பெருமை இருக்கட்டும். அந்தப் பெருமை தன் பழைய முகவரியைக் கிழித்துப்போட்டுவிட்டு வருவதுதான் உறுத்துகிறது.

2013, 2014 கிண்ணங்களின் காலத்தில் ஆர். கோபிநாதனும் ஆர். சுரேந்திரனும் பகாங் சட்டையில் ஓடினார்கள். அப்போது மலையின் வாதத்துக்குக் கொஞ்சம் வலு வந்தது. பிறகு என்ன ஆயிற்று? சிலாங்கூரின் கோட்டையான ஷா ஆலாம் அரங்கம் பழுதாகி இடிக்கப்பட்டது. 2025-26 சூப்பர் லீக்கிலிருந்து ஸ்ரீ பகாங் விலகிக்கொண்டது. பேராக்கும் விலகியது. கேமரன் மலைக்காரனுக்கு இது இரட்டை இழப்பு. அட்டையில் எழுதியிருக்கும் மாநிலத்தின் அணியும் இல்லை, சாலை போய்ச் சேரும் மாநிலத்தின் அணியும் இல்லை. பட்டண ரசிகனுக்கு அரங்கம் போனால் இன்னொன்று கட்டிக்கொடுப்பார்கள். அணி சரியில்லை என்றால் ஜொகூர் சட்டையை மாட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் இங்கிலாந்துக் கிளப் ஒன்றைத் தத்தெடுக்கலாம். சின்ன ஊர்க்காரனுக்கு அந்த வசதி மனதளவில் கிடையாது.

அணியே லீக்கில் இல்லாதபோதும் பேச்சு நின்றபாடில்லை. ஏன் என்ற தொடக்கக் கேள்விக்கு எனக்குக் கிடைக்கும் விடை இவ்வளவுதான்: அவர்கள் கிண்ணத்துக்காக வாதாடவில்லை. "நாங்க இன்னும் இங்கதான் இருக்கோம், நீயும் இங்கேர்ந்துதான் போன" என்பதை வேறெப்படியும் சொல்ல வழியில்லாததால் காற்பந்தில் வைத்துச் சொல்கிறார்கள். நம் நாவலாசிரியர்களும் இயக்குநர்களும் அந்த வாக்கியத்தை இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. தோட்டத்தை விட்டுக் கிளம்பிய லோரியின் பின்னாலேயே நம் கதைகள் ஐம்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. லோரி போனபிறகு அந்த மலைத் திடலில் யார் பந்து உதைத்தார்கள், மாலை பனி இறங்கும்வரை எந்த அணியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள் என்று ஒருவராவது நின்று எழுத வேண்டும்.