பெருமிதமும் அவையடக்கமும்

பெருமிதம் என்னும் சொல் தமிழ் மரபில் இருவேறு மதிப்புடன் ஆளப்பட்டுள்ளது. தொல்காப்பியர் அதனை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கையும் அதன் நிலைக்களன்களாகச் சுட்டுவார் (மெய்ப். 9). வள்ளுவரோ பெருமிதம் இல்லாமையே பெருமை என்பார் (குறள் 979). இம்முரணைக் கால வேறுபாடு எனக் கூறி அமைதல் எளிது; ஆயின் அது போதாது. முன்னவர் பெருமிதம் தோன்றும் காரணத்தைப் பேசுகிறார். பின்னவர் அதனை உடையவர் ஒழுகும் முறையைப் பேசுகிறார். பரிமேலழகர், காரணம் உள்ளவிடத்தும் தருக்கின்றி இருத்தலைப் பெருமை எனக் கொள்வார். எனவே விலக்கப்படுவது தருக்கே. ஆற்றலை அறிந்திருத்தல் அன்று.

இவ்வேறுபாட்டை நூலாசிரியர்க்குரிய நெறியாக வகுத்தவர் பவணந்தியார். தோன்றாதன தோற்றிப் பல துறைகளை முடித்தவனுக்கும் தற்புகழ்ச்சி தகாது என்று முதலில் விலக்குகிறார் (நன். 52). அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களில் அதனைத் தகும் என்கிறார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதாரிடத்தும், அவையில் வாதம் வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் (நன். 53). இந்நான்கிலும் புலவனைப் பேசவைப்பது அவன் விருப்பம் அன்று. கேட்போரின் நிலையே என்பது கருதத்தக்கது. வாதம் வெல்லும் இடம் மட்டும் தருக்கிற்கு வழிவிடக் கூடியது. அங்கும் அவை என்னும் வரம்பு உண்டு.

அவையடக்கத்தை வெறும் மரபுச் சடங்காகக் கொள்ளும் திறனாய்வு இங்கு மறுபரிசீலனைக்கு உரியது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கம்பர் தம்மை உவமிக்கிறார். பூனையின் சிறுமையைக் கண்டோர் அது கடலை விட்டு அகலவில்லை என்பதைக் காணத் தவறுகின்றனர். அடக்கம் முயற்சியைத் தடுக்கவில்லை; முயற்சியின் அளவை உணர்த்துகிறது. தரையில் பிள்ளைகள் கீறிய அறையையும் ஆடரங்கையும் கண்டு தச்சர் சினப்பரோ என்னும் வினாவோ வேறு வகையினது. பணிவான அவ்வினா, குற்றம் கூறுவாரை முன்கூட்டியே வாயடைக்கச் செய்கிறது. தொல்காப்பியர் கூறும் அவையடக்கியல் இதனினும் திறந்தது: வல்லாதன கூறினும் வகுத்து ஏற்குமாறு வேண்டுவதால், அவைக்கு ஒரு பணியை ஒப்படைக்கிறது.

இவ்வளவுகோல் இன்றைய ஆய்வுலகிற்கும் பொருந்தும். நம் ஆய்வேடுகள் பலவற்றில் நன்றியுரை அளவிறந்த பணிவுடன் அமைகிறது. சில பக்கங்கள் கடந்ததும் 'இப்பொருளில் இதுவரை எவரும் ஆராய்ந்திலர்' என்னும் தொடர் வந்துவிடுகிறது. முன்னது நெறியாளர் முன் தாழ்கிறது. பின்னது முன்னோரை மறைக்கிறது. இரண்டும் அவையை நோக்கவில்லை. முன்னாய்வுகளை நேர்மையாக எடுத்துரைத்து, அவை நின்ற எல்லையைச் சுட்டி, தான் சேர்த்ததைத் தயங்காது கூறுதலே அவையடக்கமும் பெருமிதமும் ஒருங்கே அமையும் இடம். செய்ததைக் குறைத்துக் கூறுதலும் அவைக்குச் செய்யும் தீங்கே. ஏனெனில் வகுத்துக் கொள்வதற்கு உரியது எது என்பதை அது மறைத்துவிடுகிறது.