நீதிபதியின் நூலும் நம் ஊர்ப் பத்திரமும்

லீலா சேத் எழுதி 2003இல் வெளிவந்த ‘ஆன் பேலன்ஸ்’ என்னும் தன்வரலாற்றை உத்திரமேரூர்ப் பங்கின் வாசகர் வட்டத்தில் நான்கு ஞாயிறு மாலைகளில் படித்து முடித்தோம். ஆங்கில நூலாதலின், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் படித்துப் பொருள் கூற, ஏனையோர் கேட்டனர்.

1978இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1991இல் இமாசலப் பிரதேசத்தில், நாட்டிலேயே ஓர் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான முதல் பெண். இவற்றை அவர் முரசறைந்து சொல்லவில்லை. தொழில் பழக வேண்டிக் கல்கத்தாவில் மூத்த வழக்கறிஞரை அணுகியபோது, ‘போய்த் திருமணம் செய்துகொள்’ என்றாராம் அவர். ஆயிற்று என்றார் இவர். ‘பிள்ளை பெற்றுக்கொள்.’ அதுவும் ஆயிற்று. ‘ஒற்றைப் பிள்ளை தனித்துப்போகுமே, இன்னொன்று வேண்டாமா?’ இரண்டு இருக்கின்றன! பின்னரே சேர்த்துக்கொண்டாராம். நம் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தனர். அச்சிரிப்பில் அவரவர் வீட்டுக் கதையும் கலந்திருந்தது.

எனினும் நூலில் நமக்கு ஒரு குறை உண்டு. இலண்டன் படிப்பு, பாட்டா நிறுவனத்தில் பணியாற்றிய ஆதரவான கணவர் ஆகிய துணைகள் இல்லாதவள் நீதிமன்றப் படியை எவ்வாறு ஏறுவாள் என்பதை நூல் போதிய அளவு வினவவில்லை. 1937இலேயே திருவிதாங்கூரில் முன்சீஃபாகி, 1959இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு உயர்ந்த அன்னா சாண்டியைப் பற்றிப் பேசும்போதும் இவ்வினாவே எழுந்தது.

நம் ஊர்க் குடவோலைக் கல்வெட்டைப் பெருமையுடன் எடுத்துக்காட்டினார் ஓர் அன்பர். பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் அரிய சாசனங்கள்தாம். ஆனால் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவர் பெயரே அக்குடத்தில் இடப்பட்டது. பெண் பெயருக்கு அங்கு இடமில்லை. நிலமில்லார்க்குச் சபையில் குரலுமில்லை என்பது அன்றே எழுதப்பட்டிருக்கிறது.

நிலத்தைப் பற்றிய பேச்சு இங்ஙனம் தொடங்கிற்று. சட்ட ஆணைய உறுப்பினராக லீலா சேத் பெண்களின் சொத்துரிமைக்குப் பாடுபட்டார். இந்து மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சமபங்கு 2005இல் நாடெங்கும் சட்டமாயிற்று. நமக்கோ, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனையும் மகளையும் வேறுபடுத்தவில்லை. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கு அவ்வுரிமையை மேரி ராய் 1986இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று பெற்றுத் தந்தார். அவ்வளவும் இருந்தும், தகப்பனார் அடக்கம் முடிந்த சில நாள்களில் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நம் குடும்பங்களில் வழக்கமாயிருக்கிறது. சட்டம் அறியாமல் அவர்கள் கையெழுத்திடவில்லை. அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுப் போகுமோ என்ற அச்சமே கையைப் பிடித்து எழுத வைக்கிறது. நீதிபதியின் நூல் இவ்வச்சம் வரை வரவில்லை.

மூதாட்டி ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: “கலியாண ஓலைய மூணு ஞாயித்துக்கிழமை வாசிக்கிறீங்களே சாமி, அந்தப் பத்திரத்த ஒரு தரமாச்சும் எங்களுக்கு வாசிச்சுக் காட்டக் கூடாதா?”

அடுத்த கூட்டத்திற்கு நூல் எதுவும் குறிக்கவில்லை. வழக்கறிஞர் ஒருவரை அழைத்திருக்கிறோம். விடுதலைப் பத்திரத்தின் மாதிரிப் படி ஒன்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.