பொற்புழு

இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் ஓட்டிய ஆங்கிலேயர் சிலருடைய சந்ததியார், பாட்டனாரின் வீர விருதுகளைக் காட்டிலும் பத்திரமாகப் பேணி வரும் பொருள், முதுகை வளைத்து ஊரும் பாவனையில் அமைந்து, கண்களில் சிறு வண்ணக்கல் பதித்த, விரல்நுனி அளவேயான ஒரு பொற்புழு. பழுதுற்ற விமானத்தைக் கைவிட்டுப் பாராசூட்டினால் பிராணன் தப்பியவர்களுக்கு மட்டுமே, 1922-ல் உருவாகிய ஒரு சங்கத்தின் அடையாளமாக, லெஸ்லி இர்வின் என்பவருடைய பாராசூட் கம்பெனி இதனை வழங்கி வந்தது; அந்நாளில் பாராசூட் பட்டினால் ஆனது என்பதே பட்டுப்புழு இங்கே ஆபரணமானதற்குக் காரணம். யுத்தகாலத்தில் பட்டு அரிதாகி நைலான் வந்தபின்னும் புழு மாறவில்லை.

தங்க வேலை என்று மதிப்பிட்டால் இதில் பிரமாத நுணுக்கம் ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். ஆயினும் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் உடையவர் பெயர் செதுக்கியிருக்கிறது. பகைவரை வீழ்த்தியதற்கன்று, உயிரோடு தரையில் வந்து இறங்கியதற்காகவே தரப்பட்டதாகையால், அதன்மீது பேரக்குழந்தைகளுக்கு ஒரு விசேஷ பாத்தியதை உண்டு. ஜெர்மானியச் சிறைமுகாம்களில் அகப்பட்டிருந்த விமானிகள்கூட, பசியும் குளிரும் வாட்டிய அவ்விடத்திலிருந்தே (மனிதருக்கு எங்கெங்கே எதெதில் ஆசை பிறக்கிறது!) கம்பெனிக்குக் கடிதம் எழுதி, அங்கத்தினராகத் தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்திருக்கிறார்கள்.