வாளை மீட்பதா, வாங்குவதா?

இராயபுரத்தில் அண்மையில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டமொன்றில் இளங்கவிஞர் ஒருவர் திப்பு சுல்தான் ஷஹீதின் வாளைப் பற்றி நீண்டதொரு கவிதை படித்தார். ஓசை நயம் குறையாத கவிதை. அவையோர் பன்முறை கரவொலி எழுப்பினர். சமுதாயம் வீட்டுக்கொரு பிடியரிசி திரட்டியேனும் அவ்வாளை ‘மீட்க’ வேண்டும் என்று முடித்தார் கவிஞர். கூட்டம் கலைந்ததும் சிலர் மெய்யாகவே நிதி திரட்டுவது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டனர். ஆதலின் வெறும் கவிதைதானே என்று வாளாவிருக்க நமக்கு மனம் வரவில்லை.

முதற்கண், கவிஞரின் கவிதையில் வாள் ஒன்றே; உண்மையில் வாள்கள் பல. 2003இல் லண்டனில் மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா வாங்கியது ஒரு வாள். தம் ஆட்சிப் பகுதியில் மதுவை விலக்க முயன்ற மன்னரின் வாள் யார் கைக்கு வந்தது பாருங்கள்! பின்னர் அதைத் தாம் பிறருக்குக் கொடுத்துவிட்டதாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. 2023 மே மாதம் பான்ஹாம்ஸ் நிறுவனத்தார் ஏலம் விட்டது வேறொரு வாள். பதினைந்து முதல் இருபது லட்சம் பவுன் வரை போகும் என்று மதிப்பிடப்பட்ட அது, 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. கவிஞர் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, மல்லையா கொணர்ந்த வாளே மீண்டும் லண்டன் சென்றதாகப் பாடுகிறார். வரலாற்றைப் பாடுபவருக்கு இவ்வளவு அயர்ச்சி ஆகாது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. சீரங்கப்பட்டணத்திலிருந்து போன பொருள் அனைத்தையும் ‘திருட்டு’ என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார். போரில் கிடைத்த பொருளைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் எத்துணை நுட்பமாகப் பேசுகின்றன! கனீமத் வேறு, போரின்றிக் கிடைக்கும் ஃபைஉ வேறு. பங்கீட்டுக்கு முன் ஒருவன் தனக்கென ஒளித்துக்கொள்வது குலூல். கைபர்ப் போரில் ஒரு போர்வையை அவ்வாறு எடுத்தவனின் கதி ஹதீஸ் கற்றோர் அறிந்ததே. தமிழிலும் தொல்காப்பியர் வெட்சித் துறைகளுள் ‘பாதீடு’ என்று ஒன்றை வைத்தார். கவர்ந்த நிரையைப் பகுத்தளித்தல் அது. வென்றவன் பொருள் கொள்வதை இரு மரபுகளும் அறிந்தே இருந்தன. அதை மறைத்துவிட்டு ஆங்கிலேயரை மட்டும் பழித்தல் நேர்மையன்று.

இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால்தான் குற்றம் துலங்கும். 1799 மே 4 அன்று, ஹிஜ்ரி 1213 துல்கஃதா மாத இறுதியில், கோட்டை வீழ்ந்தது. அவ்விரவு நிகழ்ந்த சூறையாடலை நிறுத்த ஆர்தர் வெல்லஸ்லி சிலரைத் தூக்கிலிட நேர்ந்தது. அதாவது, அவர்தம் சட்டப்படியே அது குற்றம். அதன்பின் அதிகாரிகளை நியமித்து, பொருளை மதிப்பிட்டுப் பங்கிட்டனர். அந்தப் பங்கீட்டுக்காகவே பொன் அரியணையைத் துண்டு துண்டாக உடைத்தனர்! 2023இல் விற்ற வாளோ, சேனையின் சார்பில் ஜெனரல் பேர்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது என்பது ஏலத்தார் கூற்று. பேர்டு 1780இல் பொள்ளிலூர்ப் போரில் சிறைப்பட்டு, சீரங்கப்பட்டணத்தில் ஏறத்தாழ நான்காண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். இதைக் கவிஞர் அறிந்திருப்பின் கவிதை இன்னும் ஆழம் பெற்றிருக்கும்.

இனி அந்த ‘மீட்பு’ என்னும் சொல். கைதியை விடுவிக்கக் கொடுப்பது ஃபிதா. கடையில் கொடுப்பது விலை. ஏலத்தில் பணம் கட்டுகிறவன் விற்பவனின் உரிமையை ஒப்புக்கொண்டே கட்டுகிறான். நாம் வாங்கினால், பேர்டுக்கு அதைக் கொடுத்தவர்களின் உரிமைக்கும் நாமே முத்திரையிட்டவர்களாவோம். வாங்காவிடில் வாள் அந்நியர் வீட்டிலேயே தங்குமே என்பர். மெய்தான். ஆயினும் தனியார் வாங்கிக் கொணர்ந்த முந்தைய வாள் எங்கே? யுனெஸ்கோவின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அதற்கு முன் போனவற்றைக் கேட்டுப்பெற வழி செய்யவில்லை. எனவே எஞ்சுவது அரசு அரசோடு பேசும் வழியே. பிடியரிசியால் ஆவதன்று. அந்தப் பிடியரிசிக்கு நம் மதரஸா மாணவரின் பசி காத்திருக்கிறது.

நம் தெருவிலேயே ஒரு செய்தி. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் இக்கரைமீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்று நாம் சொல்வதும் அன்று தொடங்கியதே. அக்குண்டின் சிதறல் என்று பாட்டனார் பாதுகாத்த இரும்புத் துண்டொன்றை நமக்குத் தெரிந்த பழைய இரும்பு வியாபாரி வைத்திருக்கிறார். வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கும் என்கிறான் அவர் பேரன். நூறாண்டு கடந்ததால், அது மெய்யாகவே எம்டன் குண்டாயின், 2014 முதல் அது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அதை அயல்நாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு உரிமையில்லை. தொல்பொருள் வணிகம் செய்யவும் உரிமம் வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தாரிடம் காட்டும்படி சொன்னோம். பெரியவர் இணங்கினார், பேரன் முகம் சுளித்தான்.

வாளுக்காகக் கண்ணீர் வடித்த கூட்டத்தில் அந்தப் பேரனும் இருந்தான், உரக்கக் கைதட்டினான். கவிஞருக்கு இப்படியும் ஒரு பொருள் நம் தெருவில் காத்துக் கிடக்கிறது. ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மாலையணிந்து கிடந்த வேல்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்தாரே, அந்தப் புறப்பாட்டை அவர் ஒருமுறை பயில வேண்டும். கவிதை நூலாக வரவிருக்கிறதாம். அதற்குள் இரு வாள்களையும் பிரித்து, ‘மீட்போம்’ என்ற அந்தச் சொல்லையேனும் மாற்றித் தருவாராக.