மரப்பாச்சியின் கதை

தீபாவளி நெருங்கியதும் சிவகாசிச் சுருள் கேப்பையும் பொம்மைத் துப்பாக்கியையும் திட்டத் தொடங்கிவிடுகிறோம். பிள்ளைகள் முரடாவது அவற்றால்தானாம். குழந்தைகளைப் பற்றிக் கதை எழுதுகிறவர்களும் இதை நம்பிவிட்டதாகத் தோன்றுகிறது.

1961-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்து ஆல்பர்ட் பண்டூரா ஒரு சோதனையை வெளியிட்டார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை மரச் சுத்தியலால் அடித்து, உதைத்து, வைதார். 24 குழந்தைகள் அதைப் பார்த்தார்கள். வேறு 24 பேர் பார்த்த பெரியவரோ, அதே பொம்மை பக்கத்தில் இருக்க, பேசாமல் சாமான்களை அடுக்கிக் கொண்டிருந்தார். பிறகு விளையாட விட்டபோது, முதல் கூட்டத்தில் பலர் அதே அடியை அதே வசவோடு அடித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் அது அபூர்வம். பொம்மை ஒன்றே, பெரியவர்தான் வேறு. 1963-ல் படமாகக் காட்டியபோதும் குழந்தைகள் அப்படியே செய்தார்கள்.

சிவகாசிக்கு இது புதிதா? 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைப் பார்த்துக் கற்று வந்தார்கள், ஊரே பிழைத்தது. தொழில் கண்வழியே வருமானால், அடியும் வரும்.

நம் கதைகளோ பாதிக் கணக்கைத்தான் எழுதுகின்றன. அப்பா அடித்தால் கண்டிப்பு. பிள்ளை அடித்தால் துஷ்டத்தனம். ‘அடியாத மாடு படியாது’ என்று பாட்டி சொல்வாள், கதை முடிந்துவிடும். அண்ணன் வாங்கிய அடியைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கையை யாரும் எழுதுவதில்லை. மறுநாள் அவள் தன் மரப்பாச்சியை என்ன செய்தாள் என்பதில் அல்லவா கதை இருக்கிறது!