மிம்பரும் அதிகாரமும்: ஒரு நூலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

பேராசிரியை தாஹிரா குத்புத்தீன் ஆங்கிலத்தில் எழுதிய 'அராபிக் ஒரேஷன்: ஆர்ட் அண்ட் ஃபங்ஷன்' என்னும் நூலை லைடன் நகரின் பிரில் பதிப்பகம் 2019இல் வெளியிட்டது. 2021இல் ஷைகு ஸாயித் நூல் விருதைப் பெற்ற இந்நூல், தொடக்க கால அரபுச் சொற்பொழிவை வாய்மொழிப் பண்பாட்டின் விளைபொருளாகக் காண்கிறது. இணைவாக்கியங்களும் அவற்றின் ஓசையொழுங்கும் வெறும் அணிகலன்கள் அல்ல; எழுத்து அரிதாயிருந்த சமூகத்தில் பேச்சை நெஞ்சில் நிறுத்திய கருவிகள் என்று ஆசிரியர் நிறுவுகிறார். குத்பா வழிபாட்டின் அங்கமாக மட்டுமன்றி ஆட்சியின் மொழியாகவும் இயங்கியதை நூல் தெளிவுறக் காட்டுகிறது.

இதனைப் படிக்கையில் நம் அரபுக் கல்லூரிகளின் பாடமுறை நினைவுக்கு வருகிறது. தல்கீஸுல் மிஃப்தாஹையும் அதன் விரிவுரையான முக்தஸருல் மஆனீயையும் நாம் கற்றோம், கற்பிக்கிறோம். சூழலின் தேவைக்குப் பொருந்தப் பேசுவதே பலாகா என்று அந்நூல்கள் வரையறுக்கின்றன. ஆயினும் உவமையையும் உருவகத்தையும் தனித்தனி வரிகளில் தேடுவதோடு நம் வகுப்பு முடிந்துவிடுகிறது. யார், யாரிடம், எதற்காகப் பேசினார் என்னும் வினா எழுவதில்லை.

ஹிஜ்ரி 45இல் (கி.பி. 665) பஸ்ராவின் ஆளுநராக வந்த ஸியாத் இப்னு அபீஹி ஆற்றிய உரையை எடுத்துக்கொள்வோம். இறைபுகழ்ச்சியின்றித் தொடங்கியதால் 'அல்பத்ரா', அதாவது வால் அறுந்தது, எனப் பெயர் பெற்ற உரை அது. இரவில் நடமாடுவோருக்கு மரணம், ஒருவரின் குற்றத்திற்கு மற்றவரையும் பிடிப்பேன் என்ற மிரட்டல் ஆகியன அதில் உள்ளன. சொல்லழகில் அதற்கு நிகரானவை சிலவே.

ஆனால், அல்ஜாஹிழ் தமது 'அல்பயான் வத்தப்யீன்' நூலில் உரையோடு நிறுத்தவில்லை. கேட்டோரின் மறுமொழிகளையும் பதிவு செய்தார். ஒருவர் வியந்து புகழ்ந்தார். அஹ்னஃப் இப்னு கைஸ், புகழ்ச்சி சோதனைக்குப் பின்னரே என்றார். அபூ பிலால் மிர்தாஸோ, ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்னும் இறைவாக்கை நினைவூட்டினார்.

நம் கருத்து இதுவே. நயம் நீதிக்கும் துணை செய்யும். கொடுமைக்கும் துணை செய்யும். நடையழகை அளக்கும் ஆய்வு எத்துணை நுட்பமானதாயினும், அவ்விரண்டையும் அதனால் மட்டும் பிரித்தறிய இயலாது. அபூ பிலாலின் மறுமொழியும் பலாகா பாடத்தில் இடம்பெற வேண்டும். பேசக் கற்பிக்கும் நாம், கேட்கவும் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.